மூச்சடக்கல் பயிற்சியின் உடலியல்

மூச்சடக்கல் என்பது ஒருவர் தம் விருப்பத்தின்படி சுவாசத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்திருக்கும் செயல் ஆகும். இதனைத் திரும்பத் திரும்பச் செய்து, நிறுத்தி வைக்கும் நேரத்தைப் படிப்படியாக நீட்டிக்கும் முயற்சி மூச்சடக்கல் பயிற்சி எனப்படுகிறது. முத்து, சங்கு, சிப்பி, கடற்பாசி முதலியவற்றைக் கருவியின்றி மூழ்கி எடுப்போர் தொழிலின் பொருட்டும், கட்டற்ற முக்குளிப்பு என்னும் விளையாட்டில் ஈடுபடுவோர் போட்டியின் பொருட்டும் இப்பயிற்சியை மேற்கொள்கின்றனர். யோக நூல்கள் கூறும் கும்பகமும் மூச்சடக்கலே ஆயினும், அதன் நோக்கமும் முறையும் வேறானவை. இக்கட்டுரை நீரில் மூழ்குவோரின் பயிற்சியையே முதன்மையாகக் கொள்கிறது.

பயிற்சி பெறாத நலமான ஒருவர் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்க முடியும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009ஆம் ஆண்டு, சாதாரணக் காற்றை மட்டும் இழுத்துக்கொண்டு, 11 நிமிடம் 35 நொடி அசையாமல் மூச்சடக்கினார். பயிற்சியினால் நுரையீரல் பெருத்து, குருதி செறிந்து, உடலில் ஆக்சிஜன் (உயிர்வளி) மிகுதியாகச் சேர்வதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எனப் பொதுவாக நம்பப்படுகிறது. இது ஓரளவே உண்மை. சேமிப்பு கூடுவது சிறிதளவே. செலவு குறைவதும், மூச்சு விடத் தூண்டும் எச்சரிக்கை மழுங்குவதுமே பெரும்பங்கு வகிக்கின்றன. பயிற்சி பெற்றவர்களும் நீருக்குள் முன்னறிவிப்பின்றி மயங்குவது ஏன் என்பதற்கும் இதிலேயே விடை உள்ளது.

உடலின் ஆக்சிஜன் இருப்பு

ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார். மூச்சு நின்றவுடன் உடல் தன் இருப்பிலிருந்தே இதனை எடுத்தாக வேண்டும். இவ்விருப்பு முக்கியமாக மூன்று இடங்களில் உள்ளது. அவை நுரையீரலில் உள்ள காற்று, குருதியில் உள்ள ஹீமோகுளோபின், தசைகளில் உள்ள மயோகுளோபின் என்பனவாகும்.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். 100 மில்லிலிட்டர் குருதியில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருப்பதாகக் கொண்டால், அது ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தாங்கும். உடலிலுள்ள 5 லிட்டர் குருதியும் முழுமையாக நிறைந்திருந்தால் ஒரு லிட்டர் கிடைக்கும். ஆனால் குருதியின் பெரும்பகுதி ஆக்சிஜனில் ஒரு பங்கை இழந்த நிலையில் சிரைகளில் இருப்பதால் உண்மையான அளவு சற்றுக் குறைவு. நிறைந்த நுரையீரலில் இதே அளவினதாக மற்றொரு பங்கு உள்ளது. தசைகளில் உள்ளது சில நூறு மில்லிலிட்டர் மட்டுமே. அதுவும் அந்தந்தத் தசைக்கே பயன்படும். திமிங்கிலம், கடல்நாய் முதலியவற்றின் தசைகள் மயோகுளோபின் மிகுதியால் கருஞ்சிவப்பாகக் காணப்படுகின்றன. மனிதத் தசைக்கு அத்தகைய செல்வம் இல்லை.

ஆக மொத்த இருப்பு ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆகும். நிமிடத்திற்கு 250 மில்லிலிட்டர் என்னும் செலவுக் கணக்கில் இது எட்டு நிமிடத்திற்குப் போதுமானது. இருப்பு முழுவதையும் பயன்படுத்த இயலாது. அது தீர்வதற்கு வெகு முன்பே மூளை செயலிழந்துவிடும். அவ்வாறு கழித்துப் பார்த்தாலும், சாதாரண மனிதர் ஒரு நிமிடத்தில் மூச்சை விடும்போது அவரது இருப்பில் பெரும்பகுதி செலவாகாமலேயே உள்ளது. எனவே அவரை மூச்சு விடச் செய்தது ஆக்சிஜன் பற்றாக்குறை அன்று.

மூச்சு விடத் தூண்டுவது எது

உடலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு (கரியமில வாயு) மூச்சடக்கலின்போது வெளியேற வழியின்றிக் குருதியில் சேர்கிறது. தமனிக் குருதியில் இதன் பகுதி அழுத்தம் இயல்பாக 40 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். இது கூடும்போது குருதியும் மூளையைச் சூழ்ந்த நீர்மமும் அமிலத்தன்மை அடைகின்றன. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள வேதியுணர்விகள் இம்மாற்றத்தை உணர்ந்து சுவாசத் தசைகளை ஏவுகின்றன. பயிற்சி பெறாதோர் பெரும்பாலும் 50 மி.மீ. அளவை ஒட்டி மூச்சை விட்டுவிடுவர். ஆக்சிஜன் குறைவதை உணரும் உணர்விகள் கழுத்துத் தமனிகளின் கிளைப்பிரிவில் உள்ளன. அவை வலுவாகச் செயல்படத் தொடங்குவது ஆக்சிஜன் நன்கு குறைந்த பின்னரே. அன்றியும், கரியமில வாயு குறைவாக இருக்கும்போது அவற்றின் குரலும் தாழ்ந்தே ஒலிக்கும்.

வேதியுணர்வு மட்டுமே காரணம் அன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். ஃபௌலர் என்பவர் 1954இல் வெளியிட்ட ஆய்வில், இனி முடியாது என்னும் நிலைக்கு வந்தவர்களுக்கு ஆக்சிஜன் 8 விழுக்காடும் கரியமில வாயு 7.5 விழுக்காடும் கொண்ட கலவையைச் சில முறை சுவாசிக்கக் கொடுத்தார். இக்கலவை குருதியின் நிலையைச் சீராக்கவல்லது அன்று. எனினும் அவர்கள் ஆறுதல் அடைந்து மீண்டும் மூச்சடக்கினர். மார்பும் உதரவிதானமும் அசைந்ததே அந்த ஆறுதலுக்குக் காரணமாயிற்று. மூச்சு முட்டும் வேதனையில் அசைவற்ற சுவாசத் தசைகளிலிருந்து எழும் செய்திகளுக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கியது.

மூச்சடக்கலில் இரு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டம் அமைதியானது. இரண்டாம் கட்டத்தில் உதரவிதானம் தானாகவே சுருங்கத் தொடங்கி, வயிறு விட்டுவிட்டுத் துடிக்கும். பயிற்சி பெறாதோர் பலர் இத்துடிப்பு தொடங்கியவுடன் மூச்சை விடுகின்றனர். பயிற்சி பெற்றவர்களோ இத்துடிப்புகளை ஒரு கடிகாரம் போலக் கொண்டு பல நிமிடங்கள் தாங்குகின்றனர். அவர்களது உடல் கரியமில வாயுவுக்குக் காட்டும் சுவாசத் துலங்கலும் குறைந்து காணப்படுகிறது. அமெரிக்கக் கடற்படை கனெடிகட் மாநிலத்தின் நியூ லண்டனில், நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தப்பும் முறையைக் கற்பிக்க ஆழமான நீர்த்தொட்டி ஒன்றை வைத்திருந்தது. அதில் நாள்தோறும் மூழ்கிய பயிற்றுநர்களிடம் இக்குறைவு அளந்து அறியப்பட்டது.

மூச்சடக்கும் முன் தூய ஆக்சிஜனைச் சுவாசித்துச் செய்யப்படும் சாதனைகள் இதற்கு மறுபக்கச் சான்றாகும். அப்போது நுரையீரலிலுள்ள நைட்ரஜன் வெளியேறி, அவ்விடத்தையும் ஆக்சிஜனே நிரப்புவதால் இருப்பு பன்மடங்காகிறது. குரோவாசியாவைச் சேர்ந்த புதிமிர் ஷோபாத் 2021இல் இம்முறையில் 24 நிமிடம் 37 நொடி மூச்சடக்கினார். அதே நாட்டின் விதோமிர் மரிச்சிச் 2025இல் 29 நிமிடம் 3 நொடியை எட்டினார். இவற்றைச் சாதாரணக் காற்றில் செய்யப்படும் சாதனைகளோடு ஒப்பிடுவது பொருந்தாது.

இதயமும் குருதிச் சுற்றோட்டமும்

மூச்சை அடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தியவுடன் இதயத் துடிப்பு குறைகிறது. கை, கால், தோல், வயிற்று உறுப்புகளுக்குச் செல்லும் குருதிக் குழல்கள் சுருங்குகின்றன. குருதி பெரும்பாலும் மூளைக்கும் இதயத்திற்குமாகத் திருப்பப்படுகிறது. இது முக்குளிப்பு அனிச்சைச் செயல் எனப்படும். முகத்தின் தோலிலிருந்து, குறிப்பாக நெற்றி, கண் ஆகியவற்றைச் சுற்றிய பகுதியிலிருந்து, முப்பெருநரம்பு செய்தியை எடுத்துச் செல்கிறது. வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் விளைவு வலுவாகும். உடல் முழுவதும் மூழ்க வேண்டியதில்லை. ஒரு கிண்ணக் குளிர்நீரே போதுமானது. கைக்குழந்தைகளின் இதயம் கட்டுக்கடங்காமல் விரைந்து துடிக்கும் ஒருவகை நோயில், மருத்துவர்கள் பனிக்கட்டிப் பையை முகத்தில் வைத்துத் துடிப்பைத் தணிப்பதும் இந்த அனிச்சைச் செயலைக் கொண்டே.

பிரான்சு நாட்டு உடலியலாளர் பவுல் பேர் 1870இல் வாத்துகளிடம் இத்துடிப்புக் குறைவைக் கண்டார். பேர் ஷோலாண்டர் 1930களிலும் 1940களிலும் கடல்நாய்களை ஆராய்ந்து, இது ஆக்சிஜனைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாடு என்பதை நிறுவினார். பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணையில் முத்துக்குளிப்போரை ஆராய்ந்து 1962இல் முடிவுகளை வெளியிட்டார். மூழ்கியிருக்கும்போது துடிப்பு குறைவதும், தசைகளில் சேர்ந்த லாக்டிக் அமிலம் மேலே வந்த பின்னரே குருதியில் பெருகுவதும் அவர்களிடமும் காணப்பட்டன. அதாவது, மூழ்கியிருக்கும் வரை அவர்களது தசைகள் பெரும்பாலும் பொதுச் சுற்றோட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தன.

இந்த அனிச்சைச் செயல் எல்லா மனிதருக்கும் உண்டு. பயிற்சி இதனைப் புதிதாக உண்டாக்குவதில்லை, வலுப்படுத்துகிறது. பயிற்சி பெறாதோரிடம் துடிப்பு ஓரளவே குறைய, தேர்ந்த முக்குளிப்போரிடம் நிமிடத்திற்கு 30க்கும் கீழே இறங்கியதும் பதிவாகியுள்ளது. துடிப்பு குறைந்தால் இதயத்தின் சொந்தச் செலவும் குறையும். அசையாமல் தசைகளைத் தளர்த்திக் கிடக்கக் கற்றுக்கொள்வதும் செலவைக் குறைக்கும் வழியே. போட்டியாளர்கள் இதற்கெனச் செலவிடும் நேரம் மிகுதி.

மண்ணீரலும் குருதியும்

பயிற்சிக்கும் குருதிக்கும் உள்ள நேரடித் தொடர்பு மண்ணீரலில் உள்ளது. வயிற்றின் இடப்பக்கம் விலா எலும்புகளின் கீழ் அமைந்த இவ்வுறுப்பு, செறிந்த சிவப்பணுக்களைத் தேக்கி வைத்திருக்கிறது. மூச்சடக்கலின்போது இது சுருங்கித் தன் இருப்பைச் சுற்றோட்டத்தில் சேர்க்கிறது. அதனால் குருதியில் சிவப்பணுக்களின் பங்கும் ஹீமோகுளோபினின் அளவும் சில விழுக்காடு உயர்கின்றன. கடல்நாய்களிடம் இது பேரளவில் நிகழ்கிறது, மனிதரிடம் சிற்றளவில்.

மனிதரிடம் இதனைத் தெளிவாகக் காட்டிய முதல் ஆய்வுகளுள் ஒன்று 1990இல் வெளியானது. கொரியாவில் மூழ்கித் தொழில் செய்யும் பெண்களிடம், திரும்பத் திரும்ப மூழ்கிய பின் மண்ணீரலின் பருமன் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஹீமோகுளோபின் செறிவு 9.5 விழுக்காடு கூடியிருந்தது. பயிற்சியற்றவர்களிடம் ஏற்படும் உயர்வு இதனினும் குறைவு. மண்ணீரல் அறுவை செய்து நீக்கப்பட்டவர்களிடம் இவ்வுயர்வு காணப்படவில்லை என்பதை சுவீடனைச் சேர்ந்த எரிக்கா ஷகதாய் குழுவினர் 2001இல் காட்டினர். ஓய்வுக்குப் பின் சுமார் பத்து நிமிடங்களில் சிவப்பணுக்கள் மீண்டும் மண்ணீரலுக்குத் திரும்பிவிடுகின்றன. முதல் முறையைவிட மூன்றாம், நான்காம் முறைகளில் மூச்சடக்கல் எளிதாக இருப்பதாக முக்குளிப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்த உயர்வின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. ஹீமோகுளோபின் 5 விழுக்காடு கூடினால், ஒரு லிட்டருக்குக் குறைவான குருதி இருப்போடு 50 மில்லிலிட்டருக்கும் குறைவான ஆக்சிஜன் சேர்கிறது. ஓய்வுநிலைச் செலவில் இது பத்துப் பன்னிரண்டு நொடிகளுக்கானது. மண்ணீரலே மூச்சடக்கலின் மந்திரம் என்பது போன்ற செய்தித்தாள் தலைப்புகள் மிகைப்பட்டவை.

பயிற்சியினால் மண்ணீரல் வளருமா என்னும் வினாவுக்கு பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஒரு விடை அளித்தனர். எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் மண்ணீரலின் பருமன் கூடியது. ஆனால் அது சுருங்கும் அளவு கூடவில்லை. பெரிய பை கிடைத்தது; அதிலிருந்து ஒரு முறைக்கு எடுப்பது பழைய அளவே.

புதிய சிவப்பணுக்கள் உருவாகின்றனவா

உயர்ந்த மலைகளில் சில வாரங்கள் தங்குவோரின் சிறுநீரகங்கள், ஆக்சிஜன் குறைவை உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. அது எலும்பு மச்சையைத் தூண்டிப் புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. மூச்சடக்கலும் இதே விளைவைத் தருமா என்பது விளையாட்டு உலகில் பெரிதும் விவாதிக்கப்படும் பொருளாகும். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ச்சியாக 15 முறை மூச்சடக்கியவர்களின் குருதியில் எரித்ரோபொயட்டின் சராசரியாக 24 விழுக்காடு உயர்ந்தது. சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

இயக்குநீர் உயர்வது வேறு, அணுக்கள் பெருகுவது வேறு. தேர்ந்த முக்குளிப்போரின் மொத்த ஹீமோகுளோபின் திணிவை அளந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அது பயிற்சியற்றவர்களைவிட மிகுந்திருக்கவில்லை. மலையில் ஆக்சிஜன் குறைவு இரவும் பகலும் நீடிக்கிறது. மூச்சடக்கலில் நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. இவ்வேறுபாட்டை நினைத்தால் இம்முடிவு வியப்புக்குரியது அன்று. மூச்சடக்கினால் குருதி பெருகும் என்று ஓட்டக்காரர்களுக்கும் மிதிவண்டி வீரர்களுக்கும் விற்கப்படும் பயிற்சித் திட்டங்களை இம்முடிவோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

குருதியின் அமிலத்தன்மையில் பயிற்சியின் விளைவு இதனினும் தெளிவானது. மூன்று மாதங்கள் மூச்சடக்கல் பயிற்சி பெற்றவர்களிடம், மூச்சடக்கிய பின் உண்டாகும் அமிலத்தன்மையும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் குறைந்திருந்தமை 2003இல் பிரான்சில் வெளியிடப்பட்டது. கரியமில வாயு பகைவன் மட்டுமன்று என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. அது மிகும்போது ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தித் திசுக்களுக்கு ஆக்சிஜனை எளிதில் விடுகிறது. இது போர் விளைவு எனப்படும். மூளையின் குருதிக் குழல்களும் அதனால் விரிகின்றன.

ஆழத்தின் விளைவு

நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேற்பரப்பில் 6 லிட்டர் காற்றைக் கொண்ட நுரையீரல் 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 30 மீட்டரில் 1.5 லிட்டராகவும் சுருங்கும். முழுமையாக மூச்சை வெளிவிட்ட பின் நுரையீரலில் எஞ்சும் காற்றின் அளவும் ஏறத்தாழ இதுவே. ஆகவே அதற்கும் கீழே சென்றால் மார்புக்கூடு நசுங்கிவிடும் என ஒருகாலத்தில் கணக்கிடப்பட்டது. இத்தாலியரான என்சோ மயோர்க்கா 1960களின் தொடக்கத்தில் 50 மீட்டரைக் கடந்தார். மேற்கூறிய நியூ லண்டன் தொட்டியின் பயிற்றுநர் ராபர்ட் கிராஃப்ட் 1968இல் 73 மீட்டர் வரை சென்றார். அவரை ஆராய்ந்தபோது, கை கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் குருதி மார்புக்குள் பெயர்ந்து, காற்று விட்ட வெற்றிடத்தை நிரப்பியது தெரியவந்தது. ஜாக் மயோல் 1976இல் 100 மீட்டரை எட்டினார். ஆஸ்திரியரான ஹெர்பர்ட் நிட்ச் 2007இல், எடைச்சறுக்கியின் துணையால் 214 மீட்டரை எட்டினார்.

நுரையீரல் முழுவதும் நிறைந்த பின்னரும் வாயால் காற்றை விழுங்குவது போல் உள்ளே திணிக்கும் முறை ஒன்றுண்டு. கிராஃப்ட் இதனைக் கையாண்டவர். இருப்பை இது கூட்டும். ஆனால் மார்பினுள் அழுத்தம் மிகுந்து இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைவதால் தலைசுற்றலும், சிலரிடம் நுரையீரல் கிழிதலும் நேர்ந்துள்ளன.

பரம்பரையும் பயிற்சியும்

தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் இரு மக்களை மெலிசா இலார்டோ என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆராய்ந்துள்ளனர். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவை அடுத்து வாழும் பஜாவு மக்களின் மண்ணீரல், அருகில் பயிர்த்தொழில் செய்யும் சலுவான் மக்களினுடையதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது என 2018இல் வெளியிட்டனர். பஜாவு மக்களுள் மூழ்காதவர்களிடமும் அது பெரிதாகவே இருந்தது. ஆதலால் இது பயிற்சியின் பயன் அன்று, மரபின் பயன் எனக் கொள்ளப்பட்டது. பிடிஇ10ஏ என்னும் மரபணுவின் ஒரு வடிவம் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளது.

தென்கொரியாவின் ஜெஜு தீவில் ஹேன்யோ எனப்படும் மூழ்கும் பெண்களைப் பற்றி 2025இல் வெளியான ஆய்வின் முடிவு இதற்கு மாறானது. நீரில் முகம் அமிழ்த்தும்போது அவர்களது இதயத் துடிப்பு, அதே தீவின் மூழ்காத பெண்களைவிட மிகுதியாகக் குறைந்தது. இரு சாராரின் மரபணுக்களும் ஒத்தவை. எனவே இவ்வேறுபாடு வாழ்நாள் பயிற்சியால் வந்தது. குருதி அழுத்தம் தொடர்பான ஒரு மரபணு மாற்றமோ தீவினர் அனைவருக்கும் பொதுவாக இருந்தது.

பயிற்சியால் வந்தது பயிற்சி நின்றால் போய்விடும் என்பதற்கும் கொரியப் பெண்களே சான்று. 1970களின் நடுப்பகுதி வரை அவர்கள் பருத்தி ஆடையுடன் குளிர்நீரில் மூழ்கினர். குளிர்காலத்தில் அவர்களது அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் உயர்ந்து காணப்பட்டது. இரப்பர் உடை வந்த சில ஆண்டுகளுக்குள் இக்குளிர்த் தகவமைப்பு மறைந்தது.

மன்னார் வளைகுடா

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் தமிழர் நெடுங்காலம் மூச்சடக்கி முத்துக்குளித்தனர். தூத்துக்குடிக் கடலில் 1961இல் நடந்ததே இறுதி முத்துக்குளிப்பாகும். சங்கு குளித்தல் அதன் பின்னும் தொடர்ந்தது. முத்துப்பார்கள் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் அமைந்தவை. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலூன்றி விரைந்து இறங்குவார். சிப்பிகளைப் பையில் சேர்த்துக் கயிற்றை அசைத்தவுடன், தோணியில் நிற்கும் துணையாள் அவரை மேலே இழுப்பார். மூழ்கியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம்.

இறங்கவும் ஏறவும் நீந்த வேண்டியதில்லை என்பதே இம்முறையின் உடலியல் சிறப்பு. நீந்தும் தசைகள் ஓய்வுநிலையைவிடப் பலமடங்கு ஆக்சிஜனை உண்பவை. கல்லும் கயிறும் அச்செலவை நீக்கி, நேரத்தைக் கடலடிக்கு மிச்சப்படுத்துகின்றன. சப்பானிய, கொரியப் பெண்களுள் ஆழமாக மூழ்குவோரும் எடையோடு இறங்கித் தோணியிலுள்ளவரால் இழுக்கப்படும் இதே முறையைக் கொண்டிருந்தனர். குறுகிய நேரம், பல முறை, கயிறு பிடிக்க ஒருவர் என்பதே தொழில்முறைக் குளிப்போரின் பொதுவழக்கம். போட்டி முக்குளிப்பின் நீண்ட நேர மூச்சடக்கல் இவ்வழக்கத்திலிருந்து விலகியதாகும்.

நீருள் மயங்குதல்

மூச்சடக்கலின் முதன்மையான இடர் மயக்கம் ஆகும். இது இரு வழிகளில் நேர்கிறது.

முதலாவது, மூழ்கும் முன் வேகமாகவும் ஆழமாகவும் பலமுறை மூச்சு வாங்குவதால் வருவது. இதனால் ஆக்சிஜன் கூடும் என்பது தவறான எண்ணம். தமனிக் குருதி இயல்பாகவே 97 விழுக்காட்டை ஒட்டி நிறைந்திருப்பதால் அதில் சேர்வது மிகச் சிறிதே. கரியமில வாயுவோ பெருமளவு வெளியேறிவிடுகிறது. அது மீண்டும் சேர்ந்து எச்சரிக்கை எழுப்பும் அளவை அடையுமுன்னரே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். தமனியில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 30 மி.மீ. அளவை ஒட்டித் தாழும்போது நினைவு தப்புகிறது. ஆல்பர்ட் கிரெய்க் என்னும் அமெரிக்க மருத்துவர் 1961 முதல் இத்தகைய நிகழ்வுகளைத் திரட்டி, 1976இல் 58 நிகழ்வுகளின் தொகுப்பை வெளியிட்டார். பிழைத்தவர்களுள் பலர், மூழ்குமுன் வேகமாக மூச்சு வாங்கியதையும், மயங்குமுன் பெரிய வேதனை எதுவும் தோன்றாததையும் கூறினர். இவ்வகை மயக்கம் இடுப்பளவு நீச்சல் குளத்திலும் நேரும். நன்கு நீந்தத் தெரிந்த இளைஞர்களே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர். நீந்தத் தெரியாதவர் நீருக்கடியில் போட்டி போடுவதில்லை.

இரண்டாவது, ஆழத்திலிருந்து ஏறும்போது வருவது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று வளிமண்டலம். அங்கு நுரையீரலில் ஆக்சிஜன் 4 விழுக்காடே எஞ்சியிருந்தாலும் அதன் பகுதி அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ.; முக்குளிப்பவர் தெளிவாகவே இருப்பார். அதே 4 விழுக்காடு மேற்பரப்பில் 30 மி.மீ. மட்டுமே. அவர் ஏறும்போது ஆக்சிஜனைச் செலவிடாவிட்டாலும் அழுத்தம் குறைவதனாலேயே மயக்க எல்லையை அடைகிறார். கடைசிச் சில மீட்டரிலும், மேலே வந்து முதல் மூச்சுகள் எடுத்த பின்னரும் பலர் மயங்குவது இதனால்தான். 1992இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு முக்குளிப்பு அமைப்பான ஐடாவின் போட்டிகளில், மேலே வந்தவர் 15 நொடிகளுக்குள் முகக்கவசத்தைக் கழற்றிச் சைகை காட்டித் தாம் நலம் என்று சொல்ல வேண்டும் என விதி உள்ளது.

பயிற்சி இவ்விடரைக் குறைப்பதில்லை. எரிபொருள் சற்றே கூடிய வண்டியில் எரிபொருள் குறைவைக் காட்டும் விளக்கை மறைத்துவிட்டதற்கு ஒப்பானது பயிற்சி பெற்றவரின் நிலை. கரியமில வாயுவின் தூண்டலைப் பொறுக்கக் கற்றவர், பயிற்சியற்றவர் ஒருபோதும் எட்டாத ஆக்சிஜன் குறைவை எட்டுகிறார். மயங்கியவரை உடனே மேலே தூக்கினால் பெரும்பாலும் தானே மூச்சு விட்டுத் தெளிவார். குரல்வளை சிறிது நேரம் மூடிக்கொண்டு நீரைத் தடுக்கிறது. ஒருவரும் காணாவிட்டால், பின்னர் அது தளர்ந்து நீர் உட்புகும். ஆகவே தனியாக நீரில் மூச்சடக்கலாகாது என்பதும், துணையாள் கரையில் அன்றி நீரில் அருகிலேயே இருந்து பார்க்க வேண்டும் என்பதும், முன்கூட்டி வேகமாக மூச்சு வாங்கலாகாது என்பதும் எல்லாப் பயிற்சி அமைப்புகளும் கற்பிக்கும் விதிகளாகும்.

பிற தீங்குகள்

ஆழத்தில் சுருங்கிய நுரையீரலில் குருதி மிகுவதால் நுண்குழல்கள் கசிந்து, இருமலில் குருதி வருவதுண்டு. நீண்ட மூச்சடக்கலுக்குப் பின் மூளைப் பாதிப்பைச் சுட்டும் எஸ்100பி என்னும் புரதம் குருதியில் சிறிது நேரம் உயர்வது 2009இல் கண்டறியப்பட்டது. இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையும் தோன்றலாம் என்பதால், இதய நோய், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இப்பயிற்சி உகந்தது அன்று.

அழுத்தக் காற்றைச் சுவாசிப்போருக்கு மட்டுமே வரும் எனக் கருதப்பட்ட நைட்ரஜன் குமிழ் நோயும் மூச்சடக்குவோருக்கு வருவதுண்டு. பசிபிக் பெருங்கடலின் துவாமோத்து தீவுகளில் 30 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு நாள் முழுவதும் அடுத்தடுத்து மூழ்கிய முத்துக்குளிப்போரிடம் தலைசுற்றல், பக்கவாதம், நினைவிழப்பு ஆகியவை காணப்பட்டன. அவர்கள் இதனைத் தாரவானா என்று அழைத்தனர். ஒவ்வொரு முறையும் சிறிதளவே நைட்ரஜன் குருதியில் கரைந்தாலும், இடைவெளி குறைவாக இருப்பதால் அது வெளியேறாமல் சேர்ந்துவிடுகிறது. அத்தீவுகளுக்குத் தென்கிழக்கிலுள்ள மங்கரேவா தீவினரும் அதே ஆழத்திற்கே மூழ்கினர். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் இடையே 12 முதல் 15 நிமிடம் ஓய்வெடுத்தனர். அவர்களிடம் தாரவானா காணப்படவில்லை.